கபாலி சமன் செய்த மண்

மயிலாப்பூரில் பிறந்தவனுக்குக் கபாலி என்று பெயர் வைக்க யாரும் ரொம்ப யோசித்திருக்க மாட்டார்கள். ஆதம்பாக்கத்தில் எனக்கு அடுத்த வீடு. முப்பது வருஷமாக நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் தோட்ட வேலை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்த சிப்பாய்கள் அங்கே இருக்கிறார்கள். எங்கெங்கோ புதைத்திருந்தவர்களை, பிற்பாடு பார்த்துக்கொள்ள ஆளிருக்காது என்று, ஐம்பதுகளில் தோண்டி எடுத்து இங்கே சேர்த்தார்களாம். “செத்தும் டிரான்ஸ்பர், பாய்” என்பான் கபாலி.

அங்கே எந்தக் கல்லறையிலும் மேடு கிடையாது. மண் எழும்பினால் தட்டிச் சமன் செய்து, புல்லை ஒட்ட வெட்டிவிட வேண்டும். கபாலிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கல்லில் வயதை மட்டும் படிப்பான். முக்கால்வாசி சின்னப் பையன்கள்.

போன வருஷம் அவன் மகன் சேரன் பைக்கோடு லாரியில் மாட்டிச் செத்தான். பத்தொன்பது வயது. அவர்களில் புதைப்பதுதான் வழக்கம். எங்கள் பக்கத்துச் சுடுகாட்டில் இட நெருக்கடி. கல் நட விடமாட்டார்கள், பழைய குழியில்தான் புதியவருக்கும் இடம். கபாலியின் மனைவி ஜெயஸ்ரீ ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்த எடத்த யாருக்கும் வுட்றாத. நாளைக்கு என்னையும் அங்கயே வையி.”

வருஷம் திரும்பும்வரை பெற்றவள் அங்கே கால் வைக்கக் கூடாது என்று அவர்கள் வீட்டில் கட்டுப்பாடு. அதனால் ஞாயிறு தவறாமல் கபாலி மட்டும் மண்வெட்டியோடு போய்வந்தான்.

வருஷ நாளுக்கு இரண்டு நாள் முன்பு என் ஆட்டோவில் போனோம். சேரன் இருந்த இடத்தில் புது மேடு, மேலே வாடாத சாமந்தி மாலை. குழி வெட்டுகிறவர் தலையைச் சொறிந்தார்.

“ஒரு வருசக் குழின்னா மேடு இருக்கும், நைனா. இது தரை மாரி கீது, புல்லு வேற. பழசுன்னு நெனச்சிட்டேன். பாதி தோண்டினப்புறம்தான் தெரிஞ்சிது. அதுக்குள்ள வாசல்ல பாடி வந்து நிக்கிது. புள்ள மேலயே வச்சிட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளை அடித்திருப்பேன். கபாலி என் கையைப் பிடித்து இழுத்துவந்தான். ஆட்டோவில் ஏறியதும் சொன்னான்: “கைப்பழக்கம், பாய். வாரா வாரம் நாந்தான் மேட்டத் தட்டித் தட்டி அழிச்சிக்கினு இருந்தேன்.”

வருஷ நாளன்று ஜெயஸ்ரீயையும் நான்தான் கூட்டிப்போனேன். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடப் பார்த்து வழியெல்லாம் கபாலி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். கபாலி போய் நின்றதும் அவள் நேரே அந்த மேட்டின் முன்னால் உட்கார்ந்து கற்பூரம் ஏற்றினாள். சரிந்திருந்த மண்ணை இரண்டு கையாலும் அணைத்து ஏற்றினாள். பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

“சொன்ன மாரியே காப்பாத்தி வச்சிக்கிற. இப்டியே வச்சிரு.”

“சரி” என்றான் கபாலி.