புலித்தலைக்கு அடித்த மண்ணிறம்

சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலத்தில், கண்டியில் யாழ்ப்பாணத் தமிழருக்கு வாடகை வீடு கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. என் கணவருக்குப் பல்லேகலத் தொழிற்பேட்டையில் வேலை. தொலைபேசியில் விசாரிக்கும்போது இருந்த வீடு, நாங்கள் நேரில் போய் வாயைத் திறந்ததும் இல்லாமல் போய்விடும். கலகெதரவில் ஒருவர் தேத்தண்ணி தந்து, தமிழ் ஆட்களின் நாணயத்தை ஒரு பாட்டம் புகழ்ந்து முடித்த பிறகு, வீட்டைத் தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எங்களைப் போன்றவர்கள் வரும்போது மட்டும் முளைக்கிற மச்சான் அவன்.

கடைசியில் குண்டசாலைப் பக்கம் ஒரு மேல்மாடி அகப்பட்டது. கீழே வீட்டுக்காரி தனியாக இருந்தார். சிங்களப் பெண்மணி. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் மலையகத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. பொலிஸில் எங்களைப் பதியத் தானே கூட வந்து, பொறுப்பாளி என்று கையெழுத்தும் போட்டார். நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன். இந்த வீட்டை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த வருடம் எனக்கு வேலை இல்லை. லண்டனில் இருந்து வந்துபோன அண்ணா, பிள்ளைகள் விளையாடி அலுத்த பொம்மைகள் என்று ஒரு சப்பாத்துப் பெட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தார். மேசையில் வரைபடம் விரித்து ஆடும் ஏதோ போர் விளையாட்டுக்கான பிளாஸ்டிக் உருவங்கள். பெருவிரல் உயரம்தான் இருக்கும். வாள்காரர், சூனியக்காரி, பல் நீண்ட பூதங்கள். தொழிற்சாலையிலேயே நிறம் அடித்து வந்தவை. ஆனால் அடித்தவர்களுக்கு என்ன அவசரமோ, ஒருவனுக்குக் கண் கன்னத்தில் இருந்தது. சூனியக்காரியின் உதட்டுச் சிவப்பு மூக்குக்கு ஏறியிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. வேறு எதையும் திருத்த வழியில்லாத ஒருத்திக்கு ஒரு கண்ணையாவது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பார்க்க ஆசை வந்தது.

ஒன்றும் தெரியாமல்தான் தொடங்கினேன். பழைய நிறத்தை எடுக்க நகப்பூச்சு நீக்கியைத் தடவினேன். நிறத்தோடு ஒரு வாள்காரனின் முழங்காலும் இளகிப் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் போஸ்டர் கலரைப் பூசினேன். காய்ந்ததும் சொறி மாதிரி உதிர்ந்தது. பிறகுதான் புத்தி வந்தது. உருவத்தை முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி எண்ணெய்ப்பசையை எடுக்க வேண்டும். அக்ரிலிக் பெயின்றைத் தண்ணீர் விட்டு நீர்க்கப்பண்ணி, மெல்லிசாகப் பூசி, காயவிட்டு மறுபடி பூச வேண்டும். தடிப்பாக அப்பினால் முகம் களிமண் ஆகிவிடும். வளைந்துபோன ஈட்டியைச் சுடுதண்ணீரில் முக்கி நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் அப்படியே நிற்கும்.

பின்னேரங்களில் அன்ரி மேலே வந்து பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். சூனியக்காரியின் அங்கியைக் கண்டிச் சேலை மாதிரி மடிப்பு வைத்துத் தீட்டச் சொன்னதும் அவர்தான்.

"கரைய மட்டும் தங்கக் கலருல போடுங்க. பாவம், இவளும் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்ட்டு வரட்டும்," என்றார்.

அவர் பார்க்காத உருவம் ஒன்றே ஒன்று. பட்டு அங்கி போட்டு, புலித்தலை வைத்த ஒரு மந்திரவாதி. மஞ்சள் முகம், கறுப்புக் கோடுகள். மற்றவற்றைக் குளறுபடியாகத் தீட்டிய தொழிற்சாலை இதை மட்டும் கண்ணும் கருத்துமாகத் தீட்டியிருந்தது. முதல் நாளே அதைப் பெட்டியின் அடியில், கடதாசிக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

ஒரு நாள் கணவர் அதைக் கண்டுவிட்டார்.

"உமக்கென்ன விசரே? செக்கிங் வந்து இதைக் கண்டால் என்ன சொல்லுவீர்? தூக்கி எறியும்," என்றார்.

"எறிஞ்சால் குப்பை அள்ளுறவன் காணமாட்டானே?"

"அப்ப எரிச்சுப் போடும்."

"பிளாஸ்டிக் எரிச்சால் ஊர் முழுக்க மணக்கும். நான் நிறத்தை மாத்திவிடுறன்."

உண்மையில் எனக்கு எறிய மனமில்லை. நாடு பிடிக்கும் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஒரு பொம்மைக்குக்கூடப் பயப்பட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் பயமும் இருந்தது. கறுப்புக் கோட்டை மறைக்க அக்ரிலிக்கை நாலைந்து தரம் பூச வேண்டும். அதுவரை பொறுக்க எனக்குத் தைரியம் இல்லை. அன்ரி ஜன்னல் சட்டங்களுக்கு அடித்து மீந்த மண்ணிற இனாமல் பெயின்ற் மாடிப்படிக்குக் கீழே தகர ரின்னோடு கிடந்தது. ஒரே பூச்சில் புலி போய்விட்டது. நாயா கரடியா என்று சொல்ல முடியாத ஒரு பிராணி வந்தது. நான் திருப்தியோடு அதை, அன்ரி வராத படுக்கையறையின் ஜன்னலில் காயவைத்தேன்.

இனாமல் மரத்தில் காயும், இரும்பில் காயும். இந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கில் காயவே காயாது என்பது கொஞ்சம் பழகிய எவருக்கும் தெரிந்த சங்கதி. எனக்குத் தெரியவில்லை. ஒரு கிழமை போன பிறகும் தொட்டால் ஒட்டியது. கண்டி ஈரம்தான் காரணம், வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

வெயிலுக்கு முன் செக்கிங் வந்தது. காலையில் எங்கள் ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பொலிசும் ஆமியுமாக வீடு வீடாக ஏறினார்கள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். அடையாள அட்டையைக் காட்டினேன், பதிவுத் துண்டைக் காட்டினேன், அலுமாரியைத் திறந்துவிட்டேன். எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது. திரும்பப் போகிற நேரத்தில் ஒரு ஆமிக்காரர் ஜன்னலோரம் இருந்ததை வேடிக்கையாக எடுத்தார். பெருவிரல் ஒட்டிக்கொண்டது. விரலை இழுத்தபோது மண்ணிறம் தோலாக உரிந்து வந்தது. அடியில் மஞ்சளும் கறுப்புக் கோடும் பளிச்சென்று தெரிந்தன.

பொலிஸ் அதிகாரி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிங்களத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏன் இதை மறைத்தீர்கள்?"

"நீங்கள் வருவீர்கள் என்று," என்றேன். பயத்தில் உண்மை வந்துவிட்டது.

அன்ரியை மேலே கூப்பிட்டார்கள். அவர் வரிசையாக நின்ற உருவங்களைக் காட்டி, எல்லாம் தனக்குத் தெரிந்தவை, விளையாட்டுச் சாமான் என்று சொன்னார். பிறகு அதிகாரியின் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"இதை மட்டும் எனக்குக் காட்டவில்லை," என்றார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை.

கணவரையும் வரச்சொல்லி, பொழுது சாயும்வரை பொலிஸ் நிலையத்து மரவாங்கில் இருத்திவைத்தார்கள். கடைசியில் பெரிய அதிகாரி அந்தப் பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த ஆங்கில எழுத்துகளை வாசித்துவிட்டுச் சிரித்தார். தன் மகனும் இப்படிச் சாமான்களோடுதான் மினக்கெடுகிறான், போங்கள் என்றார். சந்தேகப்படுவதே தொழிலாக உள்ளவர் சிரித்து விட்டுவிட்டார். அந்த ஆறுதலோடு வீட்டுக்கு வந்தோம்.

இரண்டு நாளாக அன்ரி மேலே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவர் கதிரையில் உட்காரவில்லை.

"மகள் மாத்தறையிலருந்து வர்றா. மேல்வீடு வேணும். நீங்க வேற எடம் பாருங்க," என்றார்.

"மகள் வரேல்லை எண்டு எனக்குத் தெரியும் அன்ரி," என்றேன். "பொலிசே விட்டிட்டாங்கள். அது பொம்மை. நீங்கள் எனக்குப் பக்கத்தில இருந்து பாத்தனீங்கள்."

"பொம்மைன்னு எனக்குத் தெரியாதா? புலியாவே வச்சிருந்தீங்கன்னா நானே பொம்மைன்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன். நீங்க மறைச்சீங்க. எனக்கும் மறைச்சீங்க. இன்னும் என்னென்ன மறைச்சு வச்சிருக்கீங்களோ, எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. எனக்குத்தான் கோபம். இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமை, ரவுனுக்குப் புறப்பட்ட என்னைக் கேற்றடியில் நிறுத்தி, தன் கைலேஞ்சியால் என் நெற்றிப் பொட்டைத் துடைத்துவிட்டவர் இவர்தான். பஸ்ஸில் தமிழில் பேச வேண்டாம், ஃபோன் வந்தால் எடுக்க வேண்டாம், எல்லாம் உங்க நன்மைக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார். அக்கறையோடுதான் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டுப் போனேன். என்னென்ன மறைத்தேன் என்று அவரிடம் கேட்டால் அவரே சொல்லுவார். பாதியைச் சொல்லித் தந்ததே அவர்தான்.

அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எங்களுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை.

"மாத முடிவு மட்டும் இருக்க விடுங்கோ அன்ரி," என்றேன்.