நான் சொன்ன புத்தி

எழுபதுகளின் நடுவில் நான் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கம், ஓர் ஆங்கிலேயரின் வீட்டில் அறை எடுத்து இருந்தேன். அவர் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து குடியேறியவர். மனைவி தாய்லாந்துக்காரி, வடக்கே ஒரு கிராமத்தில் பிறந்து தாதி வேலைக்குப் படிக்க வந்தவள். அவளுடைய நாட்டு மாணவிகள் இருவர், அக்காவும் தங்கையும், பக்கத்து அறையில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தான் நான் ஒருவன்தான். எங்கள் எல்லோருக்கும் பொதுமொழி ஆங்கிலம். ஆனால் அந்தப் பேச்சுகள் எல்லாம் நினைவில் எனக்கு ஊர்த் தமிழிலேயே கேட்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

வீட்டுக்காரரைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். சொந்த வீட்டிலேயே வெளியாள் மாதிரி இருப்பார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, குசினி நிலத்தில் பாயில் இருந்து, மடங்காத காலை மடக்கப் பாடுபட்டு, உறைப்புக்குக் கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிடுவார். பாதம் யாரையும் பார்த்து நீளக்கூடாது, பிள்ளையானாலும் தலையைத் தொடக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பழகி வைத்திருந்தார். அப்படியும் பயம் போகவில்லை.

“இவை மனம் நொந்தாலும் வாய் திறந்து சொல்லமாட்டினம். அதுதான் எனக்குப் பயம்” என்பார்.

நான் கேலி செய்வேன். எனக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. நானும் சோறு தின்கிறவன், கைகூப்பிக் கும்பிடுகிறவன், இவர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற மண்டைக்கனம். அவளும் தன் மொழியில் மூத்தவர்களை அழைக்கும் சொல்லால்தான் என்னை அழைப்பாள். என் காதுக்கு அது அண்ணா என்றே கேட்கும்.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறியிருந்தன. மூன்றாவதற்கு ஏழாம் மாதம் தொடங்கியபோது, அசையக்கூடாது, மனம் பதறக்கூடாது என்று டாக்டர் கட்டிலோடு கிடத்திவிட்டார். அந்தக் கிழமையே வீட்டுக்காரரின் பெயருக்கு ஒரு தந்தி வந்தது. மனைவியின் அம்மா இறந்துவிட்டார், மகளுக்குச் சொல்லவும். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

தந்தியைப் பிடித்தபடி அவர் குசினிக்குள் வந்தார். நானும் மாணவிகள் இருவரும் அங்கே இருந்தோம்.

“சொல்லத்தானே வேணும்? அவவின்ரை அம்மா. மறைக்க எனக்கு என்ன உரிமை?”

“உமக்கென்ன விசரே?” என்றேன். “பிள்ளைத்தாச்சிக்கு ஆரும் செத்தவீடு சொல்லுவினமே? இரண்டு பிள்ளை போனது காணாதே? பிறக்கட்டும், பேந்து சொல்லுவம்.”

“அம்மாவின்ரை கடைசிக் காரியம்...”

“அது எப்பவோ முடிஞ்சிருக்கும். பொழுதுபட முதல் எரிச்சிருப்பினம். பொம்பிளைப் பிள்ளை சுடலைக்குப் போறதுமில்லை. இப்ப சொல்லி அவ என்ன செய்யப்போறா?”

எங்கள் ஊரில் அப்படித்தான். காலையில் செத்தால் மாலையில் சாம்பல். உலகம் முழுவதும் அதுதான் வழக்கம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன்.

அவர் மாணவிகளைப் பார்த்தார். “நீங்கள் என்ன சொல்லுறியள்?”

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து மெல்லச் சிரித்தாள்.

“பாத்தீரே, அவையும் அதைத்தான் சொல்லுகினம்” என்றேன்.

சங்கடம் முற்றினால் அவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும் என்று வீட்டுக்காரருக்கு ஓரளவு தெரியும். அன்றைக்கு அவர் தன்னை நம்பவில்லை, என்னை நம்பினார். தந்தியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மூன்று கிழமைக்குப் பிறகு, அவளுடைய பெயருக்குத் தமையனிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்காரருக்கு அவர்கள் மொழி கொஞ்சம் பேச வரும், வாசிக்க வராது. மாணவிகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும் என்றேன். அதற்கு மட்டும் அவர் மசியவில்லை.

“அடுத்தாளின்ரை கடிதத்தை உடைக்கிறது பிழை. அவ எழும்பி வந்து தானே உடைக்கட்டும்.”

வெள்ளைக்கார ஒழுக்கம் என்று உள்ளுக்குள் சிரித்தேன். கடிதம் மேசை லாச்சிக்குள் போனது.

பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. அவர் உடனே சொல்லிவிடத் துடித்தார். மறுபடியும் குறுக்கே விழுந்தவன் நான்தான். பச்சை உடம்பு, பால் வற்றிப்போகும், முப்பத்தொரு நாள் துடக்குக் கழியட்டும் என்றேன். அந்த மாதம் முழுவதும் அவர் மனைவியின் முகத்தை நேரே பார்த்துப் பேசியதை நான் காணவில்லை. வேலை முடிந்து வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விடுவார்.

முப்பத்திரண்டாம் நாள் காலை, குசினியில் வைத்து அவளிடம் சொன்னார். கடிதத்தையும் கொடுத்தார். நான் அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். அவள் குழந்தையை மடியில் கிடத்தி, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். அழவில்லை. மெதுவான குரலில், என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

அம்மாவை எரிக்கவில்லை. பெட்டியில் வைத்துக் கோயிலில் வைத்திருக்கிறோம். மகள் தன் கையால் பூ வைக்காமல் நெருப்பு மூட்டுவதில்லை. நூறாவது நாள்வரை பார்த்திருப்போம். அதற்குள் வர முடியாவிட்டால் ஒரு வரி எழுது, எத்தனை மாதமானாலும் வைத்திருக்கிறோம். பதில் ஒன்றும் வராவிட்டால் வர விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வோம்.

நூறாவது நாள் போய் எட்டு நாளாகியிருந்தது.

“ஒரு வரி எழுதியிருந்தாலே காணும்” என்றாள் அவள். பிறகு புருசனைப் பார்த்துக் கேட்டாள். “ஆர் உங்களுக்கு இதை மறைக்கச் சொன்னது?”

தேநீர்க் கோப்பை என் கையில் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் முடிவெடுத்தனான்.”

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவள் என்னை அண்ணா என்று கூப்பிடாமல் விட்டுவிடுவாளே என்ற பயம் ஒன்றுதான் என்னைத் தடுத்தது. இதைவிட நல்ல காரணம் ஒன்று இருந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை.

அன்று பின்னேரம், உடுப்புக் காயப்போடும் இடத்தில் மூத்த மாணவியைப் பிடித்து, உங்களுக்கு இந்த வழக்கம் தெரியாதா என்று கோபமாகவே கேட்டேன். அந்தக் கோபத்துக்கு எனக்கு வெட்கமும் இருக்கவில்லை.

“தெரியும்” என்றாள். “நீங்கள் பெரியாள் சொல்லிப்போட்டியள். பிறகு நாங்கள் எப்பிடிக் கதைக்கிறது?” அப்போதும் அவள் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

இரண்டு கிழமையில் வீட்டுக்காரரின் மனைவி குழந்தையோடு ஊருக்குப் புறப்பட்டாள். அம்மாவுக்காகப் பிக்குகளுக்குத் தானம் கொடுக்க வேண்டும் என்றாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை, கேட்கவும் அவருக்குத் துணிவில்லை. அந்த இரண்டு கிழமையும் அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அவள் வரவே இல்லை. இதை நான் இப்போது சுலபமாக எழுதுகிறேன். அவருக்கு அது விளங்க இரண்டு வருடம் எடுத்தது.

டாக்சி வாசலில் நின்றது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். அவள் குழந்தையை மாணவியின் கையில் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்தாள். இரண்டு கையையும் கூப்பி, நெற்றி விரலில் படும்வரை குனிந்தாள். அப்படி அவள் தன் நாட்டுப் பெரியவர்களைத்தான் கும்பிட்டுக் கண்டிருக்கிறேன்.

“போட்டு வாறன் அண்ணா” என்றாள். “இந்த வீட்டிலை எங்கடை ஆக்களின்ரை மனம் தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான். நீங்கள் சொல்லியிருந்தால் இவர் கேட்டிருப்பார்.”

அவர் டாக்சிக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு அது கேட்டது. என்னைப் பார்த்தார், பிறகு பெட்டியை உள்ளே வைக்கக் குனிந்தார். பெட்டி வைத்து, கதவு பூட்டி, கார் வெளிக்கிடும்வரை வாயைத் திறக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன்.