குடையும் தராசும்

பிரசிடெண்ட் எலெக்‌ஷன் என்றால் என் பேரப்பிள்ளைகளுக்கு டெல்லி ஞாபகம் வருகிறது. எங்களுக்கு அந்த நாளில் பிரசிடெண்ட் என்றால் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்தான். அந்த நாற்காலிக்கு என் வீட்டுக்காரரும் என் கூடப்பிறந்த அண்ணனும் சுயேச்சையாக எதிரும் புதிருமாக நின்றார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

எங்கள் ஊர் நாகலாபுரத்துக்குப் பக்கம். ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லைக் கோடு எங்கே விழும் என்று ஊரே வாயைப் பிளந்து காத்திருந்து, கடைசியில் நாங்கள் ஆந்திராவிலேயே இருந்துவிட்ட சமயம். அதில் எனக்கு வருத்தமில்லை. சந்தையில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று பழகின வாய்தானே? ஆனால் பழைய பிரசிடெண்ட், "பள்ளிக்கூடத்துல இனி தமிழ் வகுப்பு எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். அவரே மறுபடி வந்தால் தீர்மானம் போட்டு மூடிவிடுவார். என் மகள் அப்போதுதான் ஆனா ஆவன்னா எழுதத் தொடங்கியிருந்தாள்.

வகுப்பு வேண்டும் என்றவர்கள்தான் ஊரில் அதிகம். ஒருவர் நின்றிருந்தால் சுலபமாக ஜெயித்திருக்கலாம். இவர்கள் இருவர் நின்றார்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஏரிக்கரை அம்மன் திருவிழாவில் பரிவட்டத்தை முதலில் அண்ணன் தலையில் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அதிலிருந்து மேலத்தெரு அண்ணன் பக்கம், கீழத்தெரு என் வீட்டுக்காரர் பக்கம். அண்ணனுக்குக் குடைச் சின்னம், இவருக்குத் தராசு, பழைய பிரசிடெண்டுக்கு வண்டி. அந்த நாளில் ஆளுக்கொரு ஓட்டுப்பெட்டி; வேண்டிய சின்னம் ஒட்டிய பெட்டிக்குள் சீட்டைப் போட வேண்டும்.

நானும் சும்மா இருக்கவில்லை. மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தேன். தாய்மாமன் மடி இல்லாமல் எங்களில் காது குத்த முடியாது. வெற்றிலை பாக்குத் தட்டோடு புருஷனும் பெண்டாட்டியும் போய்த்தான் அழைக்க வேண்டும். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"வா மாப்ளே, குந்து" என்றான் அண்ணன்.

"வெள்ளிக்கெழம காது குத்து. வந்துடு மச்சான்" என்று தட்டை நீட்டினார் இவர்.

வெள்ளிக்கிழமை மகள் அண்ணன் மடியில் உட்கார்ந்து ஊரே அதிர அழுதாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு காதை ஊதிவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் என் பாரம் பாதி இறங்கியது. ஆனால் மனுவைத் திரும்ப வாங்கும் நாள் அதற்குள் தாண்டிவிட்டது. இரண்டு பெட்டிகளும் இருந்தே தீரும்.

ஓட்டுப் போடும் நாள் காலையில் இவர் மெதுவாகச் சொன்னார். "உன் சீட்டக் குடைல போடு. நம்ம ஆளுங்க கிட்டயும் சொல்லிட்டேன். உங்க அண்ணன் கிட்ட மூச்சு வுடாத. வுட்டுக் குட்த்தவன் சொல்லிக்கினு திரியக் கூடாது."

அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

ஆண்கள் காலையிலேயே போட்டுவிட்டார்கள். சமையல் முடித்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசைக்கு நான் போனபோது வெயில் ஏறிவிட்டது. முன்னால் நின்ற அண்ணி திரும்பி என் காதில், "உங்க அண்ணன் எங்க தெருவையே தராசுல போடச் சொல்லிட்டாரு. உன் கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு" என்றாள்.

எனக்குத் தலை சுற்றியது. இவர் தெரு குடையில் போடுகிறது, அவன் தெரு தராசில் போடுகிறது! பெருந்தன்மையிலும் போட்டி போட்டு, ஓட்டை மறுபடி சரிபாதியாகப் பிளந்து வைத்திருந்தார்கள் இரண்டு புத்திசாலிகளும். வண்டி நோகாமல் ஓடிப் போய்விடும்.

"யாருக்குன்னு நீயே சொல்லு" என்றாள் அண்ணி. வரிசை முழுக்க என் முகத்தைப் பார்த்தது. பிறந்த வீடா, புகுந்த வீடா? இவர் ஐந்தாவது வரை படித்தவர், கணக்கு வழக்கு தெரிந்தவர். அண்ணன் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். வீட்டு மாட்டை அவன் மேய்த்ததால்தான் நான் மூன்றாவது வரை படித்தேன். அவன் அடித்துக் கொடுத்த பனங்காயை நான் தின்றுகொண்டே வகுப்புக்குப் போவேன், அவன் வேலியோரம் நிற்பான்.

"குடை" என்றேன்.

அந்த ஒரு சொல் வரிசையின் கடைசிவரை போயிற்று. அப்படிச் சொல்லலாமா கூடாதா என்ற சட்டமெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

குடை ஜெயித்தது. இவர் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்ன பேச்ச நீ கேட்டதே இந்த ஒரு வாட்டிதான்" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் சாயங்காலமானால் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். என் மகளின் சிலேட்டுப் பலகையை வாங்கிக்கொண்டு உட்காருவான். எதற்கு என்று கேட்டால் பலகையைத் திருப்பி மறைத்துக்கொள்வான்.

முதல் கூட்டத்தின் முதல் தீர்மானம், தமிழ் வகுப்பு தொடர வேண்டும் என்பது. நாங்கள் பெண்கள் வாசலில் நின்று பார்த்தோம். பஞ்சாயத்துக் குமாஸ்தா கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்து அண்ணன் முன்னால் நகர்த்தினார். அண்ணன் அதை மூடி ஓரமாக வைத்தான். பேனாவை வாங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் பெயரைத் தமிழில் எழுதினான்.

வெளியே வந்ததும் என்னிடம் கட்டைவிரலைக் காட்டினான்.

"பாரு, மையே இல்ல" என்றான்.