இலையோரம் ஒரு ஸ்பூன்

அத்தையின் குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்து வடக்குப்பட்டில் விருந்து. பந்தியில் உட்கார்ந்ததும் அம்மா கைப்பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து இலையோரம் வைத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா மீது அல்ல, அங்கே இருந்த மற்ற எல்லார் மீதும்.

"இன்னா அண்ணி, கம்பெனிக்குப் போனா கையால துன்னக் கூடாதா?" என்று அத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். பந்தி சிரித்தது. அப்பாவும் சிரித்தார். காரணம் தெரிந்தும் சிரித்தார்.

அம்மாவுக்கு ஒரகடத்தில் செல்போன் கண்ணாடி துடைக்கிற லைனில் வேலை. ஸ்பிரிட் வாடை அடிக்கும் ஒரு திரவத்தில் துணியை நனைத்து ஷிப்ட் முழுக்கத் துடைக்க வேண்டும். அங்கே கொடுத்த மெல்லிய கையுறை சீக்கிரமே கிழிந்துவிடும், வேறு கேட்டால் முறைப்பார்கள். முதலில் விரல்கள் பளபளவென்று இறுகின. பிறகு சிவந்து, மடிப்புகளில் வெடித்தன. குழம்பு பட்டால் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். அதற்குத்தான் ஸ்பூன். திமிருக்கு அல்ல.

அத்தை அத்தோடு விட்டாளா? அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குழந்தையைச் சட்டென்று மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ஐயோ, சொறி கீது! பச்சப்புள்ள இருக்கிற வூடு இது. மருந்து சோப்பு போட்டு நல்லா தேச்சிக் கழுவு அண்ணி."

அம்மா அதை நம்பினாள், அதுதான் கொடுமை. வீட்டுக்கு வந்து வெந்நீரும் சோப்பும் எலுமிச்சம்பழமுமாகத் தேய்த்தாள். ரத்தம் கசிந்தது. எனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தலை பின்னிவிடுவதையும் நிறுத்தினாள். கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போன ஆத்திரம் எனக்குத் தனி.

கடைசியில் வாலாஜாபாத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். "சொறியும் இல்ல, கிறியும் இல்ல. யாருக்கும் ஒட்டாது," என்று அவர் அதட்டினார். "தோலுக்கு மேல எண்ணெய்ப்பசையா ஒரு காப்பு இருக்கும்மா. பாதியை அந்தத் திரவம் அழிச்சிது, மீதியை நீயே தேச்சு எடுத்துட்ட. பூச்சு போன செவுத்துல மழைத்தண்ணி எறங்காதா? அதான் எரியுது."

சோப்பும் வெந்நீரும் கூடாது. கையில் ஈரம் காய்வதற்குள் களிம்பைக் கெட்டியாகப் பூச வேண்டும். ஆறும்வரை லைன் பக்கமே போகக் கூடாது. அம்மா லீவு போட்டாள். பந்தியில் சிரித்த பாவத்துக்கோ என்னவோ, அப்பா பாத்திரம் தேய்த்தார். மெல்ல மெல்ல வெடிப்புகள் மூடின.

வேலையிலும் களிம்பு பூசிக்கொள்ளலாமா என்று அம்மா சூப்பர்வைசருக்கு போன் போட்டுக் கேட்டாள். அவர் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "கண்ணாடியில கறை பட்டா யாரு பதில் சொல்றது? க்ரீம், எண்ணெ எதுவும் கூடாது. வேற லைனும் காலி இல்ல. திங்கக்கிழமை வர்றதுன்னா வா, இல்லாட்டி வேற ஆளு காத்துக்கினு கீது."

கண்ணாடியில் ஒரு விரல்ரேகைகூட விழக் கூடாதாம். என் அம்மாவின் விரல் மட்டும் எப்படி வேண்டுமானாலும் வெடிக்கலாமாம். வயிறெரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா காரசாரமாக மீன் குழம்பு வைத்து, கையாலேயே பிசைந்து எனக்கொரு வாய், தனக்கொரு வாய் என்று சாப்பிட்டாள். சோறு தீர்ந்த பிறகும் எழுந்திருக்காமல் வெறும் தட்டை விரலால் வழித்துக்கொண்டே இருந்தாள்.

"குழம்பு அவ்ளோ நல்லா கீதாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி," என்றாள்.

பிறகு எனக்குத் தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். இனி தினமும் இப்படித்தான் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா அலமாரியிலிருந்து ஸ்பூனை எடுத்துத் துடைத்து, மறுநாள் கொண்டுபோகும் கைப்பைக்குள் வைத்தாள். கைதான் ஆறிவிட்டதே, இனி அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.