மிளகாய் கீறிய கையில் லேசர்

லேசர் என்றால் தோலில் ஓட்டை போட்டு மறுபக்கம் வெளியே வந்துவிடும் என்றுதான் நான் முழுமனதாக நம்பியிருந்தேன். தொண்ணூற்றெட்டு கோடை அது. மயிலாப்பூரில் குடியிருந்தோம். சர்க்கரை வியாதிக்காரனான எனக்கு வலதுகால் கட்டைவிரல் சில வாரங்களாக மரத்துக் கிடந்தது. நரம்பு செத்திருந்தால் விரலையே எடுத்துவிடுவார்களோ என்று உதறல். அடையாறில் ஒரு டாக்டரம்மா லேசர் வைத்து நரம்பைச் சோதிக்கிறார் என்று எங்கள் சர்க்கரை டாக்டர் அனுப்பிவைத்தார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னா சார், மூஞ்சி வெளிறிப்போய் கீது? ஆபரேசனா?" என்றார்.

"அதுக்கும் மேலப்பா" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "லேசர் தோலைக் கொஞ்சம் சூடாக்கும், அவ்வளவுதான். நரம்பு செல்லுல சூடு பட்டா திறக்கிற குட்டிக் கதவுகள் இருக்கு. திறந்ததும் உப்புத் துணுக்குகள் உள்ளே பாயும், மூளைக்குத் தகவல் போகும்."

ஒப்பிட்டுப் பார்க்க முதலில் கையில் வைத்தார். "ஐயோ!" என்று நான் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்த இருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்கள். டாக்டரம்மா குழம்பிப்போய் அதே சூட்டை என் மனைவி கையில் வைத்தார்.

"வெதுவெதுன்னு இருக்கு. இதுக்கா இந்தக் கத்தல்?" என்றாள் அவள்.

"காலையில கையால என்ன சார் செஞ்சீங்க?"

மோர் மிளகாய் போட மிளகாய் கீறினேன் என்றேன்.

"நல்லெண்ணெய் தடவிண்டு கீறுங்கோன்னு நானும் கரடியாக் கத்தினேன் டாக்டர். கேட்டாத்தானே!"

டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மிளகாய்க் காரமும் அதே கதவைத்தான் திறக்கும். இது இப்போதான் கண்டுபிடிச்சிருக்காங்க. உங்க கையில கதவு ஏற்கெனவே ஒருக்களிச்சுக் கிடக்கு. லேசான சூடே போதும்."

அடுத்தது கட்டைவிரல். ஒன்றுமே தெரியவில்லை. சூட்டைச் சற்றுக் கூட்டினார். அப்போதும் ஒன்றுமில்லை. மனைவியின் கை என் தோளை இறுக்கியது. இன்னும் கொஞ்சம் கூட்டினார். சுருக்!

"சுடுது டாக்டர்! நன்னா சுடுது!"

"நரம்பு இருக்கு சார். கொஞ்சம் சோம்பேறி ஆயிருக்கு. இனிமே சர்க்கரையைக் கட்டுல வைங்க."

காபி டம்ளர் விரலைச் சுடும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவதில்லை, ஒரு நிம்மதிதான் வருகிறது. அன்று என் கால் விரலில் சூடு வைத்தார்கள், அது எனக்குத் தெரிந்தது.