நாக்கில் வைக்காத பிரியாணி

என் தங்கை பிலோமினா வேங்கிக்காலில் வீட்டோடு பிரியாணி செய்து கொடுக்கிறாள். சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தாளானால் ஈஸ்டர் வரைக்கும் கறியை வாயில் வைக்கமாட்டாள். கறி என்றால் அவளுக்கு உயிர். "பிடிக்காதத விட்டா அது தவக்காலமா அக்கா?" என்பாள். தொழில் மட்டும் நிற்காது. அந்த நாட்களில் உப்பு, காரம் பார்ப்பது கூட வேலை செய்யும் ஷமீம்.

இந்த வருஷம் தவக்காலமும் ரம்ஜான் நோன்பும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தன.

கலெக்டர் ஆபீஸில் வேலை செய்யும் இருசப்பன் சார் பேரனுக்குக் காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. இருபது முப்பது பேருக்கே செய்து பழகியவளுக்கு இதுதான் முதல் பெரிய ஆர்டர். சரியாக வந்தால் ஆபீஸ் முழுக்கச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். கெட்டுப்போனாலும் அங்கே முழுக்கத் தெரிந்துவிடும்.

ஞாயிறு காலை கூடமாட உதவ நானும் போயிருந்தேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள். ஆனால் ரேஷன் கடையில் பதினாறு வருஷம் எடை போட்டவள். கறிக்கு முந்நூறு கிராம் உப்பை நிறுத்துக் கொட்டினேன். அரிசி கழுவப் போயிருந்த ஷமீம் திரும்பி வந்து, "உப்பு நான் போட்டுட்டேனே!" என்றாள்.

"எப்போ போட்டே? எவ்வளவு?"

"வெங்காயம் வதங்கறப்பவே. கைக்கு வந்த அளவு."

ஒரு சொட்டு நக்கினால் தெரிந்துவிடும். நக்கத்தான் ஆளில்லை. ஷமீம் நோன்பு. நானும் பிலோமினாவும் கறி தொடமாட்டோம். "ஞாயித்துக்கிழமை நாப்பது நாள் கணக்குல வராது, ஃபாதரே சொன்னாரு. நீ பாத்துடுடி" என்றேன்.

கரண்டியை உதடு வரை கொண்டுபோனவள் அப்படியே இறக்கிவிட்டாள். "அவர் கணக்குல வராது. நான் வெச்ச கணக்குல வருது."

வாசலுக்குப் போய் ஆள் தேடினாள். கீரைக்கார ஆராயி, "மலை சுத்திட்டு வர்றேம்மா, இன்னிக்குக் கறி ஆவாது, ஆள விடு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எதிர்வீட்டு வர்த்தமானன் சார் ஜைனர், கேட்கவே முடியாது. மணி பத்தரை. உலை கொதிக்கிறது, அதில் உப்புப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அரிசியைப் போடமுடியவில்லை.

அப்போது பார்த்து இருசப்பன் சாரே வண்டியில் வந்து இறங்கினார். சொல்லாதே என்று நான் கண்ணைக் காட்டினேன். பிலோமினா என் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், உப்பு ரெண்டு தடவ விழுந்துட்டுது. எங்க மூணு பேருல யாரும் வாயில வைக்கமுடியாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. "பிரியாணிக் கடையில மூணு பேரும் விரதமா! நல்ல எடத்துலதான் குடுத்திருக்கேன் போ."

ஒரு துண்டை ஊதித் தின்றார். இன்னொன்று கேட்டு வாங்கினார்.

"ஜாஸ்திதாம்மா."

"அப்போ உலையில உப்பே வேணாம் ஷமீம், அரிசியப் போடு!" என்றாள் பிலோமினா.

தம் உடைக்கும் வரை சார் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் தட்டு அவருக்கு. நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். பாதித் தட்டு முடிந்ததும், உப்பு சரி என்று தலையை ஆட்டினார். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

மூன்று மணிக்கு அவரிடமிருந்து ஃபோன் வந்தது. அண்டா காலி, பந்திக்குப் பிந்தி வந்தவர்களுக்கு இல்லையாம். அடுத்த மாதம் ஆபீஸில் ஒரு ரிடையர்மென்ட் விருந்து இருக்கிறதாம்.

"ஈஸ்டருக்கு முன்னாடியா, பின்னாடியா சார்?"

"முன்னாடிதாம்மா."

"அப்போ நீங்க காலையிலேயே வந்துடணும்" என்றாள் என் தங்கை.