'சரி' என்று எழுதிய ஸ்லைடுகள்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். முப்பது வருடமாக மைக்ராஸ்கோப்பை விட்டு நகராதவள். புதிய சாயப் புட்டியைத் திறக்கும்போதெல்லாம் தன் விரலைக் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய படலமாக இழுத்து, அணுக்களில் சாயம் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பார்ப்பாள். அதற்கு நோயில்லாத ரத்தம் வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது அவளுடையதுதான்.

அன்று காலையும் நீலமும் இளஞ்சிவப்பும் கச்சிதமாக இருந்தன. கண்ணை எடுக்கப் போனவள் நின்றாள். ஆங்காங்கே வெள்ளை அணுக்கள் நசுங்கி, மை இழுவிய தடம்போலக் கிடந்தன.

"அழுத்தி இழுத்துட்டேன் போல."

"எங்க கையைத்தான் மண்வெட்டிக் கைன்னு சொல்லுவீங்க!" என்று சிரித்தான், எண்ணும் எந்திரத்தைக் கவனிக்கும் எதிர்மேசைக்காரன்.

இன்னொரு சொட்டைப் பூப்போல இழுத்தாள். அதே நசுங்கல். நடுவில் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள், சின்னச் சின்னதாக, அச்சில் வார்த்ததுபோல, இருக்க வேண்டியதைவிட நிறைய.

அலமாரியில் அவளுடைய பழைய ஸ்லைடுகள் தேதிவாரியாக இருந்தன. போன வருடத்ததிலும் நசுங்கல் இருந்தது. அதற்கு முந்தையதில் கொஞ்சம் குறைவு, ஆனால் இருந்தது. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் 'சரி'. சாயம் சரிதான். அணுக்களை அவள் பார்க்கவே இல்லை. முகம் தெரியாத யாரோ ஒருவருடையது என்றால் வழக்கம்போல நூறு வெள்ளை அணுக்களை வகைவாரியாக எண்ணாமல் விட்டிருப்பாளா? தன்னுடையதில் ஒன்றும் இருக்காது என்று அவளுக்கு யார் சொன்னது?

மதியம், போன வருட ஸ்லைடின் தேதியையும் 'சரி'யையும் மறைத்து ஒட்டி, எதிர்மேசைக்கு நீட்டினாள்.

"தம்பி, இதப் பாரு."

அவன் நிதானமாகப் பார்த்தான். "லிம்போசைட்டுல வர்ற ரத்தப் புற்றுநோய் மாதிரி இருக்குக்கா. மெதுவா வளர்ற வகை. உறுதி பண்ண வேற டெஸ்ட் எடுக்கணும். சில பேருக்கு வருஷக்கணக்கா மருந்தே தேவைப்படாது. ஆளுக்கு என்ன வயசு?"

"அம்பத்தேழு."

"அட, உங்க வயசு! அவங்களுக்கு விஷயம் தெரியுமா?"

"இப்பத்தானே நீ சொன்னே."

அவன் கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கத் தைரியம் வரவில்லை போலும்.

அவள் பரிசோதனைப் படிவம் ஒன்றை உருவி, நோயாளியின் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். காலையில் இழுத்த ஸ்லைடையும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நூறு வரைக்கும் நீயே எண்ணு. நான் எண்ணினா மறுபடி 'சரி'ன்னு எழுதிடுவேன்."